1250 போதுமா, 2000 வேண்டுமா? மலையகத்து இரட்டை பஸ்பாருக்கு அம்பியர் தேர்வு

33 கிலோவோல்ட் சுவிட்ச்கியருக்கு, அதாவது மின்சாரத்தைப் பிரித்து அனுப்பவும் துண்டிக்கவும் வைக்கும் பேனல் வரிசைக்கு, விலை கேட்டு அனுப்பும் படிவத்தில் ஒரு சின்ன வரி உண்டு: அந்தப் பேனல்களை எல்லாம் இணைத்து ஓடும் பட்டையான பஸ்பாரின் தொடர் மின்னோட்ட அளவு, அம்பியரில். மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைப் பற்றி நாள் கணக்காக வாதாடுகிறவர்கள்கூட இந்த வரிக்கு வந்ததும் போன திட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்து அதையே எழுதிவிடுவார்கள். பிரேக்கர் பழுதானால் இழுத்து வெளியே எடுத்து மாற்றலாம். பஸ்பாரை அப்படி மாற்ற முடியாது. அந்தக் கட்டடத்தில் முப்பது, நாற்பது வருடம் கிடக்கப்போகும் பொருள் அதுதான்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து மின் பொறியியல் படித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்பதும் இதைத்தான். இரட்டை பஸ்பார் என்றால் இரண்டு பட்டை இருக்கிறதே, ஒவ்வொன்றும் பாதி சுமந்தால் போதாதா? வெளியே போகும் லைன்களான ஃபீடர் எல்லாவற்றையும் கூட்டிப் போட வேண்டுமா? மலை உயரத்தில் அளவு குறையும் என்கிறார்களே, எவ்வளவு? இந்த மூன்றுக்கும் ஒரே கணக்கை வைத்துப் பதில் தேடிப் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு சுவிட்ச் ஹவுஸைக் கற்பனை செய்துகொள்வோம். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. 132 கிலோவோல்ட்டை 33 ஆக்கும் 31.5 எம்.வி.ஏ. (மெகா வோல்ட் அம்பியர்) ட்ரான்ஸ்போமர் இரண்டு. எட்டு ஃபீடர்கள். அவை தோட்டத்து ஃபெக்டரிகளுக்கும் டவுனுக்கும் லயங்கள் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும் போகின்றன. அவற்றில் இரண்டில் மினி ஹைட்ரோக்கள், அதாவது சிறு நீர்மின் நிலையங்கள், தொங்கிக்கொண்டிருக்கின்றன.

31.5 எம்.வி.ஏ.யை 33 கிலோவோல்ட்டாலும் மூன்றின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் 551 அம்பியர். இரண்டு ட்ரான்ஸ்போமர் என்றால் 1102. வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கியிருக்கும் நேரத்தில் அதே எம்.வி.ஏ.யை எடுத்தால் ஒன்றுக்கு 612, இரண்டுக்கு 1224. மூன்றாவது ட்ரான்ஸ்போமர் ஒரு நாள் வந்தால் சாதாரணமாக 1653, வோல்டேஜ் இறங்கிய நேரத்தில் 1837.

தயாரிப்பாளர்கள் தரும் அளவுகள் நம் இஷ்டத்துக்கு வருவதில்லை. 630, 800, 1250, 1600, 2000, 2500, 3150 என்று படிப்படியாகத்தான் போகும். இரண்டு ட்ரான்ஸ்போமருக்கு 1250 மயிரிழையில் பொருந்துகிறது. மூன்றுக்கு 1600 மயிரிழையில் தவறுகிறது. ஆகவே உண்மையான போட்டி 1250-க்கும் 2000-க்கும்தான்.

இந்த எண்கள் கையில் இருக்கட்டும். முதலில் பேனலின் தகட்டில் எழுதியிருக்கும் அளவு எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தகட்டில் உள்ள அம்பியர் எதற்கு உறுதி தருகிறது

தொடர் மின்னோட்ட அளவு என்பது முழுக்க முழுக்க சூட்டைப் பற்றிய எண். சுற்றியிருக்கும் காற்று 40 டிகிரி இருக்கும்போது அந்த மின்னோட்டத்தை நிறுத்தாமல் விட்டால் பட்டையும் அதன் போல்ட் இணைப்புகளும் குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டாது என்பதே அது தரும் உறுதி. சர்வதேச மின் தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 62271 தரத்தின்படி, காற்றில் இருக்கும் வெள்ளி பூசிய போல்ட் இணைப்பு 115 டிகிரி வரை போகலாம். சுற்றுச் சூட்டுக்கு மேலே 75 டிகிரி ஏறலாம் என்று பொருள். தகரம் பூசியது என்றால் 105, பூச்சே இல்லாத வெறும் செப்பு என்றால் அதைவிடக் குறைவு. பார்க்க ஒரே தடிப்பாக இருக்கும் இரண்டு செப்புப் பட்டைகள் வேறு வேறு அளவில் விற்கப்படுவதற்கு ஒரு காரணம் இணைப்பில் இருக்கும் இந்த மெல்லிய பூச்சுதான்.

சூடு மின்னோட்டத்தின் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. ஏறக்குறைய அதன் 1.8 அடுக்கில் ஏறும். 1250-இல் சரியாக 75 டிகிரி ஏறும் பட்டையில் 1102 அம்பியர் போனால் 60 டிகிரி ஏறும். 551 போனால் ஏற்றம் 17 டிகிரிதான். பாதி மின்னோட்டத்துக்குக் கால்வாசிச் சூடுகூட இல்லை. இரட்டை பஸ்பாரை இரண்டாகப் பிரித்து ஓட்டுகிற இடங்களில் பட்டைகள் பெரிதாகச் சூடேறாமல் கிடப்பதன் காரணம் இதுதான். அந்தக் குளிர்ச்சியைப் பார்த்து "இவ்வளவு பெரிய பட்டை எதற்கு?" என்று கேட்பவர்கள் பஸ் மாற்றும் நாளை, அதாவது ஒரு பஸ்பாரிலிருந்து மற்றதுக்கு எல்லாவற்றையும் மாற்றும் நாளை, யோசிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"மாலை உச்ச நேரம் நாலு மணித்தியாலம்தானே, தொடர் அளவு எதற்கு, கொஞ்ச நேரம் தாங்காதா?" என்று சிலர் கேட்பார்கள். தாங்காது. நம் நாட்டில் மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரம். வெப்பநிலைச் சோதனையில் ஒரு மணித்தியாலத்தில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறாத நிலை வந்ததும் நிலைத்துவிட்டது என்று எழுதி முடித்துவிடுவார்கள். நாலு மணித்தியாலம் என்பது பட்டையைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட "எப்போதும்" மாதிரிதான். போதாக்குறைக்கு அந்த நேரத்தில்தான் லயங்களில் விளக்கும் ரைஸ் குக்கரும் எரிகின்றன, ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் விசிறிகளும் ஓடுகின்றன.

தகட்டில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று குறுகிய நேரம் தாங்கும் மின்னோட்டம், 25 கிலோ அம்பியர் மூன்று விநாடி என்பது போல. மற்றது முதல் துடிப்பின் உச்சம். நமது 50 ஹெர்ட்ஸில் அது முன்னதன் இரண்டரை மடங்கு, 62.5. இவை பழுது நேரத்துக்கான எண்கள். பட்டைகளை ஒன்றையொன்று தள்ளும் விசைக்கும் பிடித்திருக்கும் இன்சுலேட்டரின் பலத்துக்கும் உரியவை. 2000 அம்பியர் பட்டை 1250 பட்டையைவிட அதிக ஷார்ட் சேர்க்கிட்டைத் தாங்கும் என்று தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். நம் உதாரணத்தில் ட்ரான்ஸ்போமரின் இம்பீடன்ஸ், அதாவது உள்தடை, 12 சதவீதம் என்று வைத்தால் பழுது நேரத்தில் ஒவ்வொன்றும் 4.6 கிலோ அம்பியர் தரும், மூன்றும் சேர்ந்தால் 14-க்குள் நிற்கும். 25 தாராளம். இந்த வரியில் சண்டை வேண்டாம்.

கூட்டல் எங்கே பிழைக்கிறது

எட்டு ஃபீடர் பேனலிலும் 630 அம்பியர் பிரேக்கர். எட்டு முறை 630 என்றால் 5040. இந்தக் கூட்டலைச் செய்துவிட்டு மிரண்டு போனவர்கள் உண்டு. ஃபீடர் பிரேக்கரின் அளவுக்கும் அந்த லைனில் போகும் மின்னோட்டத்துக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். உள்ளே வருவதுதான் வெளியே போகும். இரண்டு ட்ரான்ஸ்போமர் 1102 கொடுத்தால் எட்டு ஃபீடரும் சேர்ந்து 1102-தான் எடுக்க முடியும், ஒன்றுக்குச் சராசரி 138.

பெரிய நிலையம் என்றால் பெரிய பஸ்பார் என்ற எண்ணமும் பிழை. தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 150 மெகாவாட். அது வெளியே அனுப்புவது 220 கிலோவோல்ட்டில். பவர் ஃபேக்டர் (மெகாவாட்டுக்கும் எம்.வி.ஏ.க்கும் உள்ள விகிதம்) 0.9 என்று வைத்துக்கொண்டாலும் மொத்த மின்சாரமும் சுமார் 440 அம்பியரில் போய்விடும். நம் கற்பனை சுவிட்ச் ஹவுஸின் ஒரேயொரு ட்ரான்ஸ்போமர் 33 கிலோவோல்ட்டில் அதைவிட அதிகம் தருகிறது. பஸ்பார் சங்கடம் கீழ் வோல்டேஜில்தான் தலை தூக்கும்.

மினி ஹைட்ரோ வந்ததும் கணக்கு கொஞ்சம் திரும்புகிறது. நம் இரண்டு ஃபீடரிலும் சேர்த்து 15 மெகாவாட் உள்ளே வருகிறது என்று வைத்தால், அதே 0.9 பவர் ஃபேக்டரில், சுமார் 290 அம்பியர். மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில், லோட் குறைந்த நடு இரவில், அந்த 290 ஃபீடர் தேவையைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். ட்ரான்ஸ்போமரில் மின்னோட்டம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இன்னும் கூடினால் 132 பக்கம் திரும்பி ஏறும். அப்போது பஸ்பாருக்கு ஒரு கவலையும் இல்லை. கவலை வேறு நேரத்தில்: இரண்டு ட்ரான்ஸ்போமரும் முழு லோடில், ஹைட்ரோவும் முழுசாக, எல்லாவற்றையும் மீதி ஆறு ஃபீடர்கள் இழுக்கும்போது. அப்போது உள்ளே வருவது 1102 கூட்டல் 290, அதாவது 1392. இது 1250-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் இந்த 1392 பட்டையின் ஏதாவது ஒரு துண்டில் முழுசாகப் போகுமா? அது பேனல்களின் வரிசையைப் பொறுத்தது.

மலையில் ஊற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டு லயத்துப் பீலிகளுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஊற்றுக் குழாயை வரிசையின் ஒரு முனையில் சேர்த்தால் முதல் துண்டு எல்லாருடைய தண்ணீரையும் சுமக்க வேண்டும். நடுவில் சேர்த்தால் இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி.

பஸ்பாரிலும் அதே கதை. ட்ரான்ஸ்போமரிலிருந்து மின்சாரம் உள்ளே வரும் பேனல்தான் இன்கமர். இரண்டு இன்கமரும் இடது கோடியில் பக்கம் பக்கமாக, பிறகு எட்டு ஃபீடரும் வரிசையாக என்றால், இரண்டாவது இன்கமரைத் தாண்டிய துண்டில் 1102 முழுசாகப் போகும். ஒரு இன்கமர் இடது கோடி, மற்றது வலது கோடி என்றால் எந்தத் துண்டிலும் 551-க்கு மேல் போகாது. இரண்டு ஃபீடர், ஒரு இன்கமர், நாலு ஃபீடர், ஒரு இன்கமர், இரண்டு ஃபீடர் என்று அடுக்கினால் லோட் சமமாக இருக்கும்வரை அதிகபட்சம் வெறும் 276. செப்பு ஒரு கிராம்கூடக் கூடவில்லை, அடுக்கும் வரிசை மட்டும்தான் மாறியது. 1250 அம்பியர் பட்டையை இப்படி அடுக்கினால் மூன்று ட்ரான்ஸ்போமருக்கும் மினி ஹைட்ரோவுக்கும் காகிதத்தில் அது போதும்.

காகிதத்தில் என்று சொல்லக் காரணம் உண்டு. சுவிட்ச் ஹவுஸ் வளர்வது எப்போதும் கோடியில்தான். புது பேனலை நடுவில் செருக யாருக்கும் மனம் வராது. இரண்டு பக்கமும் அவிழ்க்க வேண்டும். பதினைந்து வருடம் கழித்து மூன்றாவது ட்ரான்ஸ்போமர் வரும்போது அதன் இன்கமர் வலது கோடியில், இரண்டாவது இன்கமருக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். முதலில் அழகாக அடுக்கிய வரிசை அன்றோடு போச்சு. 1250-ஐ நம்பி வரிசையால் ஈடுகட்டலாம் என்று முடிவெடுப்பவர்கள் அந்த மூன்றாவது இன்கமருக்கான காலி இடத்தை இன்றைக்கே இரண்டு பக்கமும் ஃபீடர் இருக்கும்படி ஒதுக்கி, அங்கே பஸ்பார் ஓடும் வெற்றுப் பேனலையும் வைத்தாக வேண்டும். அதற்கான செலவைச் சேர்த்துப் பார்த்தால் 2000 அவ்வளவு விலையாகத் தெரியாது.

பஸ் மாற்றும் நாள்

சரி, இரட்டை பஸ்பாரின் தனிச் சிக்கலுக்கு வருவோம். ஒற்றை பஸ்பாரில் இல்லாத ஒரு பேனல் இங்கே உண்டு, கப்ளர். இரண்டு பட்டைகளையும் இணைக்கும் பிரேக்கர். இதன் அளவைப் பலர் பின்யோசனையாகத்தான் நிரப்புகிறார்கள். "கப்ளரில் சாதாரணமாக ஒன்றும் போகாதே" என்பது வாதம். சாதாரணமாகப் போகாதுதான்.

முதல் பஸ்ஸைப் பராமரிப்புக்காக நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் முதல் பஸ்ஸில் இருக்கிறது. கப்ளரை மூடி இரண்டாவது பஸ்ஸுக்கு மின்சாரம் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு பேனலிலும் பஸ்ஸுக்கு ஒன்றாக ஐசோலேட்டர் உண்டு, லோடைத் துண்டிக்கும் பலம் இல்லாத சுவிட்ச் அது. இனி ஒவ்வொரு பேனலாக, இரண்டாவது பஸ் ஐசோலேட்டரை மூடு, மூடியதை உறுதி செய், முதல் பஸ் ஐசோலேட்டரைத் திற. அடுத்த பேனல். கரண்ட் போகாமல், ஒரு வீட்டிலும் விளக்கு அணையாமல் நடக்கும் வேலை. இரட்டை பஸ்பாருக்குக் காசு கொடுப்பதே இதற்குத்தான்.

ஷிஃப்டில் இருப்பவர் கேட்பார், "சேர், ஃபீடர் எல்லாத்தையும் முதல்ல தூக்கிட்டு கடைசியா இன்கமரை மாத்துவமா?" இயல்பான யோசனை. அப்படிச் செய்யும்போது கப்ளரின் அம்பியர் மீட்டரைப் பாருங்கள். முதல் ஃபீடர் மாறியதும் 138. இரண்டாவதில் 276. எட்டாவது ஃபீடரும் மாறியபோது இரண்டு இன்கமரும் முதல் பஸ்ஸில், எட்டு ஃபீடரும் இரண்டாவது பஸ்ஸில். கப்ளர் 1102-ஐத் தனியாகச் சுமக்கிறது. பிறகு முதல் இன்கமர் மாறினால் 551, இரண்டாவது மாறினால் பூச்சியம்.

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் இரண்டு ஃபீடர்: மீட்டர் 276. அடுத்து ஒரு இன்கமர்: மீட்டர் 275-க்கு எதிர்த் திசையில் திரும்புகிறது. பிறகு நாலு ஃபீடர்: மறுபடி 276. இரண்டாவது இன்கமர்: திரும்பவும் எதிர்த் திசையில் 275. கடைசி இரண்டு ஃபீடர்: பூச்சியம். வேலை முழுக்கக் கப்ளர் 276-ஐத் தாண்டவே இல்லை. செய்த வேலை அதே வேலை. கப்ளருக்கு லோட் நாலில் ஒன்று.

இதைப் பார்த்துவிட்டு "அப்போ கப்ளருக்கு 630 போதுமே" என்று எழுதத் தோன்றும். நான் எழுத மாட்டேன். ஒழுங்கான வரிசை என்பது ஒழுங்கான நாளுக்கு உரியது. ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு பேனலின் ஐசோலேட்டர் மக்கர் பண்ணி, அந்த இன்கமரை விட்டுவிட்டு மற்றதை மாற்ற வேண்டி வந்தால் அந்த அழகான கணக்கு கலைந்துவிடும். மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் கப்ளரின் ஓவர்கரண்ட் ரிலே நடு வேலையில் டிரிப் அடித்தால் ஐசோலேட்டர் லோடோடு திறக்க நேரிடும். அதன் முன்னால் ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். அதனால்தான் மாற்றும் நேரத்தில் கப்ளர் டிரிப் ஆகாதபடி வைப்பதைப் பல இடங்களில் நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள். கப்ளரும் அதன் மின்னோட்டத்தை அளக்கும் சி.டி.யும் பஸ்பாரின் முழு அளவுக்கு இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கப்ளர் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். கோடியில் நின்றால், அதன் வழியாக வரும் 1102-உம் இரண்டாவது பஸ்ஸின் முதல் துண்டில் முழுசாகப் போகும். நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் பிரியும்.

132 கிலோவோல்ட் யார்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அங்கே ஐசோலேட்டர், பஸ் மாற்றும்போது ஓடும் இந்த மின்னோட்டத்தைத் திறப்பதற்கென்றே தனி அளவு உண்டு. அது சாதாரண அளவின் 80 சதவீதம், எவ்வளவு பெரிய ஐசோலேட்டரானாலும் 1600 அம்பியருக்கு மேல் இல்லை. பஸ்பார் 2500 என்பதால் ஐசோலேட்டரும் 2500-ஐ மாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

நாலு வழிகள்

இரண்டு பஸ்ஸும் 1250, கப்ளரும் 1250. இரண்டு ட்ரான்ஸ்போமரோடு கதை முடிகிறது, மூன்றாவதுக்கு இடமே இல்லை என்றால் இது நியாயமான தேர்வு. நிலம் குறுகிய மலைச் சரிவில், மூன்றாவது ட்ரான்ஸ்போமருக்கான மேடை வெட்ட முடியாத இடங்கள் நம்மூரில் நிறைய உண்டு. அங்கே 2000 வாங்குவது வீண். ஒரு ட்ரான்ஸ்போமர் போய்விட்டால் மற்றது தருவது 551-தான், இருபது சதவீதம் கூடுதலாக இழுத்தாலும் 661. பஸ்பார் முட்டுவதற்கு முன்னமே ட்ரான்ஸ்போமர் முட்டிவிடும். ஆனால் இரண்டையும் ஒரே பஸ்ஸில் போட்டு, இரண்டையும் இருபது சதவீதம் மிகை லோடில் ஓட்டினால் 1322 வரும். அதைத் தவிர்க்க இன்கமர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இருந்தாலே போதும்.

ஒரு பஸ் 2000, மற்றது 1250. விலைப்பட்டியலில் இது புத்திசாலித்தனமாகத் தெரியும். இரண்டாவது "ரிசர்வ்"தானே என்பார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பெரிய பஸ்ஸை நிறுத்தும் நாளில்தான் ரிசர்வ் வேண்டும். அந்த நாளில் சிறிய பட்டை முழு லோடையும் சுமக்க வேண்டும். எந்த பஸ் எவ்வளவு தாங்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஆபரேட்டர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதும் நடக்கிற காரியமில்லை. இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு அமைப்பு உண்டு: பிரதான பஸ்ஸும் டிரான்ஸ்ஃபர் பஸ்ஸும். அங்கே டிரான்ஸ்ஃபர் பஸ் ஒரு நேரத்தில் ஒரேயொரு பேனலின் பிரேக்கருக்குப் பதிலாக நிற்கும். அதற்கு மிகப் பெரிய ஒற்றைப் பேனலின் அளவு போதும். இரட்டை பஸ்பாருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இரண்டும் 2000, கப்ளரும் 2000. மூன்றாவது ட்ரான்ஸ்போமருக்கு மேடை வெட்டி வைத்திருந்தாலோ, அதற்கான 132 கிலோவோல்ட் இணைப்புக்கு இடம் (பே) விட்டு வைத்திருந்தாலோ இதுதான். 1837 உள்ளே அடங்கும். ஹைட்ரோவையும் சேர்த்தால் 2000-ஐத் தாண்டுகிறதே என்று கேட்கலாம். மூன்று ட்ரான்ஸ்போமரும் முழு லோடில், வோல்டேஜும் பத்து சதவீதம் கீழே, ஹைட்ரோவும் முழுசாக, இவை அத்தனையும் ஒரே துண்டில் சேர்வதற்கு எல்லா இன்கமரும் ஹைட்ரோ ஃபீடரும் ஒரே மூலையில் குவிந்திருக்க வேண்டும். அப்படி அடுக்காமல் விடுவது நம் கையில் இருக்கிறது. ஃபீடர் பேனல்களின் கீழிறங்கும் இணைப்பும் பிரேக்கரும் 630-இலேயே இருக்கலாம். பஸ்பார் 2000 என்பதால் எல்லாம் 2000 ஆக வேண்டியதில்லை. இந்த இடத்தில்தான் பலர் தேவையில்லாமல் காசைக் கொட்டுகிறார்கள்.

2500-உம் அதற்கு மேலும். 33 கிலோவோல்ட்டில் நம் மலைப் பக்கத்துக்கு இது பெருமைக்கு வாங்குவது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சில தயாரிப்புகளில் மேல் அளவு விசிறி ஓடினால்தான் செல்லுபடியாகும். விசிறி நின்றால் அளவும் இறங்கும்.

முதலில் 1250 வாங்கிவிட்டு, தேவைப்பட்டால் பக்கத்தில் இன்னொரு பட்டை வைத்துக் கட்டலாம் என்ற யோசனையும் வரும். இரண்டாவது பட்டை அளவை இரட்டிப்பாக்காது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பட்டைகள் ஒன்றின் சூட்டை ஒன்று வாங்கிக்கொள்ளும், மின்னோட்டமும் இரண்டிலும் சீராகப் பரவாது. பிடிக்கும் இன்சுலேட்டரும் பேனலின் கூடும் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை, அதில் கை வைத்தால் பழைய சோதனைச் சான்று செல்லாது. போதாததற்கு ஒரு பஸ்ஸை அவிழ்த்து வேலை செய்யும் வாரங்களில் மற்ற 1250 பஸ்தான் முழு லோடையும் சுமக்க வேண்டும். எந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க வேலை தொடங்கியதோ அதே பற்றாக்குறை.

உயரம் எதைக் குறைக்கிறது

"நுவரெலியாவுக்கு டீரேட் பண்ண வேண்டும்", அதாவது அளவைக் குறைத்துப் போட வேண்டும், என்று எல்லாரும் சொல்வார்கள். எதை என்று கேட்டால் பெரும்பாலும் அம்பியரை என்பார்கள். அது பெரிய விஷயமே இல்லை.

தரப்படுத்திய அளவுகள் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் வரைக்கும்தான். கண்டியும் பதுளையும் அதற்குள் வந்துவிடும். ஹட்டன் சுமார் 1270 மீட்டர், நுவரெலியா சுமார் 1870. மேலே போகப் போகக் காற்று மெலியும்; மெலிந்த காற்று சூட்டைக் குறைவாக எடுத்துச் செல்லும். அதனால் அம்பியரில் வரும் இழப்பு 1500 மீட்டரில் ஒரு சதவீதம், நுவரெலியாவில் இரண்டு சதவீதம் பக்கம். ஆனால் நுவரெலியாவில் காற்று 40 டிகிரியாக எந்தக் காலத்தில் இருந்தது? சுவிட்ச் ரூமை 25 என்று தாராளமாக வைத்தாலும், வெள்ளி பூசிய இணைப்புள்ள பட்டைக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதல் இடம் கிடைக்கிறது. உயரம் இரண்டு எடுத்தது, குளிர் பத்து கொடுத்தது. அந்த மிச்சத்தை நம்பி 1250-இல் 1380 ஓட்டலாம் என்று படிவத்தில் எழுத வேண்டாம். அது கைவசம் இருக்கட்டும்.

உயரம் நிஜமாகக் குறைப்பது இன்சுலேஷனை. மெலிந்த காற்று மின் அழுத்தத்தையும் குறைவாகத்தான் தாங்கும். 36 கிலோவோல்ட் வகுப்பு சுவிட்ச்கியர் 170 கிலோவோல்ட் மின்னல் துடிப்பைத் தாங்க வேண்டும். 1870 மீட்டருக்கான திருத்தம் சுமார் 1.11, அதாவது கீழே சோதிக்கும்போது 189 தாங்கும் காற்று இடைவெளியே மேலே 170 தாங்கும். ஹட்டனில் இந்தத் திருத்தம் மூன்று சதவீதம் சொச்சம்தான். ஆகவே காற்றில் இன்சுலேட் செய்த பேனலை நுவரெலியாவுக்கு வாங்கினால் அம்பியர் கேள்வியைவிட, "இந்த உயரத்துக்கு இன்சுலேஷன் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும்.

இந்த இடத்தில் வாயு நிரப்பிய சுவிட்ச்கியர் நன்றாகவே முந்துகிறது. பட்டை மூடிய தொட்டிக்குள் இருப்பதால் வெளியே காற்று மெலிந்தாலும் உள்ளே அசையாது. மலை மூடுபனியும் உள்ளே நுழையாது. கவனிக்க வேண்டியது ஒன்று: நுவரெலியா உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 0.2 பார் குறைவு. தொட்டியின் சுவர் கூடுதலாக உப்பும், வெளி அழுத்தத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் கேஜ் கூடுதலாகக் காட்டும். எந்த உயரத்துக்கு நிரப்பப்பட்டது என்பதை ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். காற்று பேனலுக்குச் சாதகமும் இல்லாமல் இல்லை. கதவைத் திறந்து இணைப்பைப் பார்க்கலாம், தெர்மல் கேமரா பிடிக்கலாம், ஒரு போல்ட்டை இறுக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஹட்டன், தலவாக்கலை உயரத்தில் நான் காற்று பேனலைத் தள்ளிவிட மாட்டேன். நுவரெலியா டவுனுக்கு மேலே என்றால் வாயுதான்.

காற்று பேனல் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. பெரிய பட்டை என்றால் குளிர்ந்த பட்டை. 2000 அம்பியர் பட்டையில் 300 ஓடும் விடியற்காலையில், மூடுபனி ஜன்னல் வழியாக வந்து அந்தக் குளிர்ந்த செப்பிலும் இன்சுலேட்டரிலும் வியர்த்துவிடும். ஈரம் படியாமல் காக்கும் பேனல் ஹீட்டரை அணைத்து வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. இங்கே வருடம் முழுக்க எரிய வேண்டும், எரிகிறதா என்று யாராவது பார்க்கவும் வேண்டும்.

படிவத்துக்குத் திரும்பினால், நான் எழுதச் சொல்வது இப்படி இருக்கும்: இரண்டு பஸ்பாரும் ஒரே அளவு, 2000 அம்பியர், கப்ளர் பிரேக்கர், ஐசோலேட்டர், சி.டி. எல்லாம் அதே அளவு. இன்கமர் 1250, ஃபீடர் 630. 25 கிலோ அம்பியர் மூன்று விநாடி. இடத்தின் உயரம் மீட்டரில். போல்ட் இணைப்புகள் வெள்ளி பூசியவை. மூன்றாவது ட்ரான்ஸ்போமருக்கு வழியே இல்லாத இடம் என்றால் பஸ்பாரையும் கப்ளரையும் 1250 ஆக்கி, இன்கமர்களைப் பிரித்து வைக்கும்படி வரைபடத்தை இணைக்கலாம். பிறகு தயாரிப்பாளரிடம் ஒரு கேள்வி: வெப்பநிலைச் சோதனை எந்த அமைப்பில் நடந்தது, கப்ளர் பேனலும் அதில் இருந்ததா? ஒற்றை பஸ் பேனலின் சான்றை இரட்டை பஸ்ஸுக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்தச் சான்றிதழின் படத்தில் இரண்டு பஸ் அறைகளும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே விலையைப் பேசுங்கள்.